'சர்வர் டவுன்' என்றால் யாரைக் கேட்பது?

டீக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறீர்கள். பின் நம்பரும் போட்டாச்சு. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் 'பேமென்ட் ஃபெயில்டு'. வங்கிக்குப் போன் போட்டால், "சர்வர் டவுன் சார், எங்க கையில ஒண்ணும் இல்ல" என்கிறார்கள்.

இந்தப் பதிலில் பாதிதான் உண்மை. சர்வர் பல நேரங்களில் அவர்கள் கையில் இல்லைதான். ஆனால், பொறுப்பு அவர்கள் கையில்தான் இருக்கிறது. வேலையை வெளியே கொடுப்பது வேறு, பொறுப்பை வெளியே கொடுப்பது வேறு. இது தெரிந்துவிட்டால், அடுத்த முறை யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு நிஜ சம்பவம். 2024 ஜூலை 31 அன்று, யுபிஐ உள்ளிட்ட பணப்பரிமாற்ற அமைப்புகளை நடத்தும் என்பிசிஐ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கூட்டுறவு வங்கிகளுக்கும் மண்டல கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்ப சேவை வழங்கும் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் சில கணினிகள் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கலாம், அதனால் அந்த நிறுவனத்தின் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்திருக்கிறோம் என்றது அந்த அறிவிப்பு. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. மறுநாள் இணைப்பு திரும்பக் கிடைத்தது.

அந்த வாடிக்கையாளர்களில் பலர் அதற்கு முன் அந்த நிறுவனத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்தது தங்கள் ஊர் வங்கியும் பாஸ்புக்கும்தான்.

யார் இந்த மூன்றாவது ஆள்?

அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் இருக்கிறது. அதைப் பராமரிக்க ஏ.எம்.சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுவோம். லிஃப்ட் நின்றால் போன் செய்வோம், ஆள் வருவார். கம்ப்யூட்டர்களுக்கும் பல வருடங்களாக இதே முறைதான் இருந்தது.

இப்போது ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். கெட்டுப்போன பிறகு வந்து சரிசெய்வதற்குப் பதிலாக, கெட்டுப்போகாமல் இரவு பகலாகக் கண்காணிப்பதற்கே மாதச் சந்தா கட்டுகிறார்கள். இப்படி ஒரு நிறுவனத்தின் சர்வர், நெட்வொர்க், இமெயில், பேக்கப், பாதுகாப்பு ஆகியவற்றை மொத்தமாகக் கவனித்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு 'மேனேஜ்டு சர்வீஸ் புரொவைடர்' என்று பெயர். இங்கே 'சேவை நிறுவனம்' என்றே சொல்லிக்கொள்வோம்.

ஏன் வெளியே கொடுக்கிறார்கள்?

திருப்பூரில் 40 கம்ப்யூட்டர்கள் உள்ள ஒரு பின்னலாடை நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு ஆர்டர் இரவு 2 மணிக்கும் இமெயிலில் வரும். சர்வரை எப்போதும் ஒருவர் கவனிக்க வேண்டும். ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. வாரம் 48 மணி நேரம் ஒருவர் வேலை பார்த்தால், மூன்றரை ஆள் தேவை. லீவு, உடம்பு சரியில்லை என்பதையும் சேர்த்தால் குறைந்தது நான்கு பேர். அதிலும் நெட்வொர்க் தெரிந்தவருக்கு சைபர் பாதுகாப்பு தெரியும் என்று சொல்ல முடியாது.

இந்த நான்கு பேருக்கும் சம்பளம் கொடுப்பது சிறு நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. சேவை நிறுவனமோ ஒரே குழுவை வைத்துப் பல கம்பெனிகளைக் கவனிக்கிறது, செலவு பகிர்ந்துகொள்ளப்படுகிறது. வெளியே கொடுப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. எதைக் கொடுக்கிறோம், எதை நம்மிடமே வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்குத் தெரியும்

சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் உள்ள பாஸ்போர்ட் சேவா மையங்களுக்குப் போனவர்களுக்கு ஏ, பி, சி கவுன்ட்டர்கள் பழக்கம். முதலில் 'ஏ'. அங்கே ஆவணங்களை ஸ்கேன் செய்து, போட்டோவும் கைரேகையும் எடுப்பார்கள். அடுத்து 'பி', அங்கே ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள். கடைசியாக 'சி', பாஸ்போர்ட் வழங்கலாமா என்று முடிவெடுக்கும் இடம்.

'ஏ' கவுன்ட்டரில் இருப்பவர்கள் டிசிஎஸ் நிறுவனத்தின் ஊழியர்கள். 'பி', 'சி' இரண்டிலும் இருப்பவர்கள் அரசு அதிகாரிகள். வெளியுறவு அமைச்சகம் 2008-ல் டிசிஎஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. 2012-க்குள் நாடு முழுவதும் 77 மையங்கள் வந்தன. இரண்டாம் கட்டத்துக்கான ஒப்பந்தம் 2022 ஜனவரியில் கையெழுத்தானது. தொழில்நுட்பம், கால் சென்டர், மக்களை வரவேற்று விண்ணப்பத்தைப் பதிவு செய்யும் வேலை ஆகியவை நிறுவனத்திடம். 'இவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கலாம்' என்ற முடிவும், பாதுகாப்பு சார்ந்த பணிகளும் அரசிடம்.

ஒரு கம்பெனிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். கையும் காலும் வெளியாளாக இருக்கலாம். கையெழுத்து மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும்.

99 சதவீதம் என்றால் நல்ல மார்க்கா?

சேவை நிறுவனத்துடன் போடும் ஒப்பந்தத்தில், சேவையின் தரத்தை எண்களில் எழுதும் பகுதிக்கு 'எஸ்.எல்.ஏ' என்று பெயர். "99 சதவீத நேரம் சர்வர் இயங்கும்" என்று அதில் எழுதியிருக்கும். பரீட்சையில் 99 பெரிய மார்க். இங்கே அப்படி இல்லை.

ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். அதில் 1 சதவீதம் 87.6 மணி நேரம். அதாவது வருடத்தில் மூன்றரை நாளுக்கும் மேல் சர்வர் படுத்திருந்தாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை என்றுதான் அர்த்தம். 99.9 சதவீதம் என்றால் சுமார் 8 மணி 45 நிமிடம். 99.99 சதவீதம் என்றால் ஏறக்குறைய 53 நிமிடம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முன்கூட்டியே அறிவித்துச் செய்யும் பராமரிப்பு நேரம் பல ஒப்பந்தங்களில் இந்தக் கணக்கில் சேராது. 2024 ஆகஸ்ட் 29 இரவு 8 மணி முதல் செப்டம்பர் 2 காலை 6 மணி வரை பாஸ்போர்ட் இணையதளம் பராமரிப்புக்காக இயங்காது என்று முன்பே அறிவித்தார்கள். மொத்தம் 82 மணி நேரம். ஆகஸ்ட் 30-க்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருந்தவர்களுக்கு வேறு தேதி தரப்படும் என்றும் சொன்னார்கள். சொல்லிவிட்டு நிறுத்தினால் மக்கள் திட்டமிட்டுக்கொள்ளலாம். சொல்லாமல் நின்றால்தான் கஷ்டம்.

ஒரே சாவி, பல வீடுகள்

சேவை நிறுவனத்திடம் பல கம்பெனிகளின் சாவி இருக்கிறது. அந்தச் சாவிக்கொத்து திருட்டுப் போனால்?

2021 ஜூலை 2 அன்று அப்படித்தான் நடந்தது. சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களைத் தூரத்தில் இருந்தே பராமரிக்கப் பயன்படுத்தும் கசேயா என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் வழியாக ரான்சம்வேர் பரவியது. 1,500 தொழில் நிறுவனங்கள் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கசேயாவே சொன்னது. ஸ்வீடனில் கூப் என்ற சூப்பர் மார்க்கெட் தொடருக்குச் சுமார் 800 கடைகள். பில் போடும் இயந்திரங்கள் வேலை செய்யாததால் அவற்றில் பெரும்பாலானவற்றை மூட வேண்டியதாயிற்று. கூப் நேரடியாக கசேயாவின் வாடிக்கையாளர்கூட இல்லை. அதற்குச் சேவை தந்த நிறுவனம் அந்த மென்பொருளைப் பயன்படுத்தியது, அவ்வளவுதான்.

சட்டம் யார் பக்கம்?

இங்கேதான் நமக்குத் தெரிய வேண்டிய விஷயம் வருகிறது.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உங்கள் தகவலை வாங்கும் நிறுவனம் அதைக் கையாளும் வேலையை வேறொருவரிடம் கொடுத்திருந்தாலும், சட்டத்தின் முன் பொறுப்பு முதல் நிறுவனத்துக்குத்தான். அவர்களுக்குள் எப்படி ஒப்பந்தம் போட்டிருந்தாலும் இது மாறாது. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க முடியும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஐ.டி சேவையை வெளியே கொடுப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவை 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. வேலையை வெளியே கொடுத்ததால் வாடிக்கையாளருக்கு வங்கி செய்ய வேண்டிய கடமை குறையாது என்பதே அவற்றின் அடிப்படை.

சைபர் தாக்குதல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-ல் வந்த உத்தரவு.

நீங்கள் தொழில் நடத்துபவரா?

எனக்குத் தெரிந்த ஒரு சிறிய அச்சகத்தில் வெப்சைட், இமெயில் எல்லாவற்றையும் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவர் திடீரென்று கடையை மூடிவிட்டார். அதன் பிறகுதான் வெப்சைட் முகவரி அவர் பெயரில் பதிவாகியிருப்பது தெரிந்தது. பல வருடங்களாக விசிட்டிங் கார்டில் அச்சடித்திருந்த இமெயிலை அவர்களால் திறக்கவே முடியவில்லை. கார்டு அடித்துக் கொடுப்பதே தொழிலாக இருந்தவர்கள், தங்களுக்குப் புது கார்டு அடித்துக்கொண்டார்கள்.

இப்படி ஆகாமல் இருக்க, கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. சாவி யார் பெயரில்? வெப்சைட் முகவரி, இமெயிலின் அட்மின் கணக்கு, கிளவுட் கணக்கு எல்லாம் உங்கள் கம்பெனி பெயரில் இருக்க வேண்டும். சேவை நிறுவனத்துக்கு அனுமதி மட்டும் கொடுங்கள்.

2. பேக்கப் திரும்ப வருமா? "தினமும் பேக்கப் எடுக்கிறோம்" என்ற பதில் போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய, நல்ல விதி.

3. 'வந்து பார்க்கும் நேரம்' எவ்வளவு, 'சரிசெய்யும் நேரம்' எவ்வளவு? இரண்டும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். பத்து நிமிடத்தில் போனை எடுத்துவிட்டு, பத்து நாள் கழித்துச் சரிசெய்தால் என்ன பயன்?

4. அவர்கள் இன்னொருவரிடம் கொடுக்கிறார்களா? உள் ஒப்பந்தக்காரர் யார், அவருக்கு எந்தக் கணினிகளைத் திறக்க அனுமதி உண்டு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

5. உள்ளே நுழைய பாஸ்வேர்டு மட்டும் போதுமா? இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். அவர்களுடைய ஊழியர் வேலையை விட்டால் அவரது அனுமதி அன்றே நீக்கப்பட வேண்டும்.

6. பிரச்சினை நடந்தால் எவ்வளவு நேரத்தில் சொல்வார்கள்? 6 மணி நேரக் கெடு உங்களுக்கும் உண்டு என்பதை மறக்காதீர்கள்.

7. பிரிய நேர்ந்தால்? தகவல்களை எத்தனை நாளில், எந்த வடிவில் தருவார்கள், தங்களிடம் இருப்பதை எப்போது அழிப்பார்கள் என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். சண்டை வந்த பிறகு எழுத முடியாது.

நீங்கள் வாடிக்கையாளரா?

மூன்றாவது ஆளை நீங்கள் தேட வேண்டியதில்லை. நீங்கள் யாரிடம் கணக்கு வைத்திருக்கிறீர்களோ, அவர்களிடமே கேளுங்கள்.

• யுபிஐ-யில் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் உங்கள் கணக்கில் கழிந்து, அவருக்குப் போய்ச் சேரவில்லையா? அடுத்த நாளுக்குள் தானாகவே திரும்ப வர வேண்டும். கடைக்குச் செலுத்தியது உறுதியாகவில்லை என்றால் 5 நாள். ஏடிஎம்-ல் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தாலும் 5 நாள். அதற்கு மேல் தாமதமானால் நாள் ஒன்றுக்கு ரூ.100 இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை.

• உங்களுக்குத் தெரியாமல் பணம் எடுக்கப்பட்டு, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, இடையில் உள்ள அமைப்பில் எங்கோ நடந்தது என்றால்? வங்கியிடம் இருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்யுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி இழப்பு உங்கள் தலையில் விழாது. நாள் தள்ளத் தள்ள உங்கள் பங்கு கூடும். எனவே எஸ்.எம்.எஸ்-ஐ அலட்சியம் செய்ய வேண்டாம்.

• பண மோசடி என்றால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

• வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் இலவசமாகப் புகார் செய்யலாம். எந்தெந்த வங்கிகள் இந்தத் திட்டத்தில் வருகின்றன என்ற விவரத்துக்கு 14448.

புகார் செய்யும்போது பரிவர்த்தனை எண், தேதி, நேரம், ஸ்கிரீன்ஷாட் நான்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புகார் எண்ணை மறக்காமல் வாங்குங்கள்.

அடுத்த முறை "சர்வர் டவுன் சார், எங்க கையில இல்ல" என்று யாராவது சொன்னால் கோபப்பட வேண்டாம். பொறுமையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சரி சார், சர்வர் உங்க கையில இல்ல. என் கணக்கு உங்க கையிலதானே இருக்கு? புகார் நம்பர் கொடுங்க."