உங்களுக்குத் தெரியுமா? பழவேற்காட்டுக்கு மின்வண்டி வாங்கும் முன்

◆ பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கம் இறாலும் நண்டும் கொண்டுபோய் விற்கும் சிறு வியாபாரிக்கு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிதான் கைகொடுக்கிறது. பின்னால் கட்டிய தெர்மகோல் பெட்டியில் ஐஸ் கரைந்து, உப்புத் தண்ணீர் செயின், சைலன்சர், ஸ்டாண்டு என்று வழிந்துகொண்டே இருக்கும். துரு ஏறிய எக்ஸ்.எல்லுக்கும் வாங்க ஆள் உண்டு. எந்த ஊர் மெக்கானிக்கும் அதைப் பிரித்துக் கோத்துவிடுவார். மின் ஸ்கூட்டரின் பேட்டரிப் பெட்டியும் கன்ட்ரோலரும் சாலையோரக் கடையில் கைவைக்கிற சாமான்கள் அல்ல, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். பழைய வண்டி வாங்க வருபவர் இந்த அலைச்சலுக்கும் சேர்த்துத்தான் விலையைக் குறைத்துக் கேட்கிறார்.

◆ மின் ஸ்கூட்டருக்கான மத்திய அரசு மானியம் எப்படிக் கரைந்தது தெரியுமா? பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் (கரண்ட் பில்லில் ஒரு யூனிட்) 2021 ஜூனிலிருந்து 15,000 ரூபாய். 2023 ஜூனில் அது 10,000 ஆனது. 2024 ஏப்ரலில் 5,000. பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் 2025-26 கணக்கில் 2,500. அதுவும் ஒரு வண்டிக்கு 5,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. மூன்று யூனிட் பேட்டரி வண்டிக்கு ஒரு காலத்தில் 45,000 வரை கிடைத்தது. கையில் காசு சேரட்டும் என்று காத்திருந்த ஏழை வீட்டுக்குத்தான் இதில் நட்டம்.

◆ காரில் கதை தலைகீழ். டாடா நிறுவனம் 2024 பிப்ரவரியில் நெக்ஸான் மின்காரின் விலையை 1.2 லட்சம் வரையும், டியாகோ மின்காரின் விலையை 70,000 வரையும் இறக்கியது. பேட்டரி மலிவானதே காரணம். 2010-ல் ஒரு கிலோவாட் மணிக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்த பேட்டரி, 2024-ல் உலகச் சராசரியில் 115 டாலர். புதிய வண்டி வாங்குபவருக்கு இது நல்ல செய்திதான். ஆனால் முந்தின மாதம் வாங்கியவரின் கார், வாசலில் நின்றபடியே அத்தனை ரூபாய் மதிப்பை இழந்துவிட்டது.

◆ அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனம் 2024 ஜனவரியில் 20,000 மின்கார்களை விற்றுத் தள்ளப்போவதாக அறிவித்தது. மறுவிலைச் சரிவும் பழுதுச் செலவும்தான் காரணம்.

◆ புது மின்வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பழைய மின்வண்டியை டீலர் வாங்கி விற்றால், அவருக்குக் கிடைக்கும் லாபத் தொகைக்கு மட்டும் 18 சதவீதம். 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் 12-லிருந்து ஏற்றிய விகிதம் இது. வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்த வண்டியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் நீங்களே விற்றால் இந்த வரி இல்லை. முழு விலைக்கும் 18 சதவீதம் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

◆ எம்.ஜி. வின்ட்சர் 2024-ல் 9.99 லட்சத்துக்கு வந்தபோது பலரும் வியந்தார்கள். அது பேட்டரி இல்லாத விலை. அப்போது பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் தனி. பேட்டரியோடு சேர்த்தால் ஏறத்தாழ 13.5 லட்சம். ஆயுட்கால பேட்டரி வாரண்டியும் முதல் உரிமையாளருக்கு மட்டுமே. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது: இந்த வாரண்டி என் பெயருக்கு மாறுமா?

◆ பழவேற்காட்டின் உப்புநீர் ஏரிக்கரையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பேட்டரிப் பெட்டிக்குத் தரும் ஐ.பி. 67 என்ற தரக்குறி, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கான உறுதி. சோதிப்பது நல்ல தண்ணீரில். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைப் பல மடங்கு எளிதாகக் கடத்தும். வடிந்த பிறகும் உள்ளே தங்கும் உப்பு ஷார்ட் சர்க்யூட் ஆக்கும். 2022-ல் இயான் சூறாவளி புளோரிடாவைத் தாக்கியபோது, கடல்நீரில் மூழ்கிய மின்வாகனங்களில் சில, தண்ணீர் வடிந்த பிறகு தீப்பிடித்தன. 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலைக் கண்ட கரை நம்முடையது. உப்புத் தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம், சார்ஜில் போடவும் வேண்டாம். வீட்டிலிருந்து 15 மீட்டராவது தள்ளி வெட்டவெளியில் நிறுத்திவிட்டு கம்பெனிக்குச் சொல்லுங்கள்.

◆ அடாஸ் என்கிற ஓட்டுநர் உதவி வசதிக்காகக் கூடுதல் பணம் கேட்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகி 2025 ஜனவரியில் வந்த கிரெட்டா எலெக்ட்ரிக்கிலும் இந்த வசதி உண்டு. இது இரண்டாம் நிலை வசதி, அதாவது கை ஸ்டீயரிங்கிலும் கண் சாலையிலும் இருந்தே ஆக வேண்டும். கேமரா, சாலையின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துத்தான் வண்டியைத் தடத்தில் வைத்திருக்கும். கோடு அழிந்த, ஓரத்தில் மணல் ஏறிய குப்பத்துச் சாலையில் அது எதைப் பார்க்கும்? சாலையோரம் காயும் வலை, குறுக்கே வரும் மாடு, பின்விளக்கு எரியாத ஷேர் ஆட்டோ, கண்ணாடியில் படியும் உப்புப் படலம் என்று இங்கே இருப்பதெல்லாம் அதற்குச் சோதனைதான். இத்தகைய கேமராவுக்குச் சாலையைக் கற்றுத்தர ஜெர்மன் நகரங்களை வைத்துத் தொகுத்த படத் தொகுப்புகளில் ஆட்டோ ரிக்‌ஷாவே கிடையாது. அந்தக் குறையைப் போக்கத்தான் ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி. 2018-ல் ஐதராபாத், பெங்களூரு சாலைகளில் எடுத்த 10,000 படங்களைக் கொண்டு இந்தியச் சாலைத் தொகுப்பை வெளியிட்டது. ஆட்டோவுக்கும் விலங்குக்கும் அதில் தனி வகை. தார் முடிந்து மண்ணாக நீளும் ஓரத்துக்குக்கூட ஒரு வகை!

◆ வளர்ந்த நாட்டுச் சாலையிலும் இந்த உதவி வசதி தவறு செய்யும். 2016 மே மாதம் புளோரிடாவில் டெஸ்லா மின்காரின் ஆட்டோபைலட், பளிச்சென்ற வானத்துக்கு முன் குறுக்கே திரும்பிய வெள்ளை டிரெய்லரைப் பிரித்தறியவில்லை, ஓட்டியவர் இறந்தார். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஏறத்தாழ 20 லட்சம் டெஸ்லா கார்கள், ஓட்டுநர் கவனத்தைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று திருத்தத்துக்கு உள்ளாயின. எங்கள் ஊர்ச் சாலைக்கு இந்த வசதி வேண்டாம் என்று கீழ்ரக மாடலை எடுப்பவரைக் கஞ்சர் என்று சொல்லக்கூடாது, அவர் கணக்குத் தெரிந்தவர்.

◆ மின்வண்டிக்கு மின்சாரம் தரும் நம் பக்கத்து நிலையங்களைப் பாருங்கள்: வல்லூரில் 1,500 மெகாவாட், அத்திப்பட்டில் வட சென்னை நிலையங்கள், எல்லாமே நிலக்கரி. அவற்றின் சாம்பல் படிந்து எண்ணூர் கழிமுகத்தில் மீன்பாடு கெட்டது. நகரத்தில் புகையில்லாமல் ஓடும் வண்டியின் புகையும் சாம்பலும் யார் வீட்டுப் பக்கம் போகின்றன என்பதை வண்டி விளம்பரம் சொல்வதில்லை. மின்வண்டி வேண்டாம் என்பதல்ல என் கட்சி. சூரிய மின்சாரமும் கூடவே வர வேண்டும்.

◆ சூரிய மின்சாரம் வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியே சாட்சி. 75 பேர் ஏறும் ‘ஆதித்யா’ சூரிய மின்படகு 2017 ஜனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. பழவேற்காட்டில் ஏரிக்குப் போகும் ஃபைபர் படகுகள் இன்னும் எண்ணெய் இன்ஜினை நம்பித்தான் தொழில் செய்கின்றன. 2024-ல் அறிவித்த பி.எம். இ-டிரைவ் மானியப் பட்டியலில் ஸ்கூட்டர், ஆட்டோ, ஆம்புலன்ஸ், லாரி, பேருந்து இடம்பெற்றன. மீன்பிடிப் படகு இல்லை. ஏரியை நம்பிப் பிழைக்கும் குப்பங்களுக்கு முதலில் வேண்டிய மின்வாகனம் அதுதான். மீன்வளத் துறை அதைக் கேட்டு வாங்கித் தர வேண்டும்.