ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்…



போன மாதம் நூலகப் பீரியடில் ஒரு படம் பார்த்தேன். ஒரு இளம்பெண்ணைச் சங்கிலியால் கட்டி வைத்திருக்கிறார்கள். கீழே கடல் தண்ணீர். அவள் அழவே இல்லை, எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “யார் டீச்சர் இவங்க?” என்று கேட்டேன். “நீயே படிச்சு சுவர் இதழுக்கு எழுது” என்று சொல்லிவிட்டார்கள். அதான் எழுதுகிறேன்.

அவள் பெயர் மார்கரெட் வில்சன். ஊர் ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் உள்ள விக்டவுன் பகுதி. வயது சுமார் 18. அதாவது நம்ம பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் வயசுதான்!

அங்கே என்ன சண்டை?

திருச்சபைக்கு யார் தலைவர் என்பதுதான் சண்டை. ராஜாவும் அவர் வைக்கும் பிஷப்புகளும்தான் என்றது அரசாங்கம். “சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவர்தான், ராஜா இல்லை” என்றார்கள் பிரெஸ்பிடீரியன் மக்கள். 1638-ல் எடின்பரோவில் இதற்காக ஓர் உடன்படிக்கையில் ஏராளமானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 1660-க்குப் பிறகு இரண்டாம் சார்லஸ் மறுபடியும் பிஷப்புகளைக் கொண்டுவந்தார். ஒத்துக்கொள்ளாத போதகர்கள் விரட்டப்பட்டார்கள். ஜனங்கள் மலையிலும் வயல்வெளியிலும் ஒளிந்து கூடி ஜெபம் செய்தார்கள்.

அவர்களில் ஒரு பிரிவினர் 1684-ல் அரசாங்கத்தை எதிர்த்துப் போர் அறிவிப்பு ஒட்டினார்கள். உடனே அரசாங்கம், “அந்த அறிவிப்பை நான் ஏற்கவில்லை” என்று எல்லோரும் சத்தியம் செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டது. செய்யாவிட்டால் மரணம்.

மார்கரெட்டும், அவள் தங்கை ஆக்னஸும், 60 வயதைத் தாண்டிய மார்கரெட் மக்லாக்லன் என்ற பாட்டியும் பிடிபட்டார்கள். ஆக்னஸுக்கு 13 வயதுதான். என்னைவிட ஒரு வயசு சின்னவள். அப்பா 100 பவுண்டுக்கு ஜாமீன் எழுதிக்கொடுத்து அவளை மட்டும் மீட்டார். பெரிய மகளை மீட்க முடியவில்லை. அந்த அப்பா அன்னைக்கு எப்படி வீட்டுக்கு நடந்து போயிருப்பார் என்று நினைத்தால் எனக்கு மனசு என்னவோ செய்கிறது.

1685 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கடல் பின்வாங்கும்போது கழி நட்டு இரண்டு பேரையும் கட்ட வேண்டும். ஓதம் ஏறும்போது மூழ்கிச் சாக வேண்டும். மே 11 அன்று அப்படியே நடந்தது என்கிறார்கள். பாட்டியை ஆழத்தில் கட்டினார்களாம், அவர் சாவதைப் பார்த்தாவது சின்னவள் பயந்து ஒத்துக்கொள்வாள் என்று. அவள் சங்கீதம் பாடினாளாம். பாதி உயிரில் தூக்கி, கடைசியாகச் சத்தியம் செய்யச் சொன்னார்களாம். மாட்டேன் என்றாளாம்.

ஏன் ‘ஆம், ஆம்’ என்று எழுதுகிறேன் தெரியுமா? இதில்தான் விவாதமே இருக்கிறது!

நடக்கவே இல்லையா?

எடின்பரோவில் இருந்த அரசுக் குழுவின் பதிவேட்டில், 1685 ஏப்ரல் 30 அன்று இந்த இரண்டு பேருடைய தண்டனையையும் நிறுத்தி வைத்து, மன்னிப்புக்குச் சிபாரிசு செய்ததாக எழுதியிருக்கிறது. தண்டனையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனதோ எடின்பரோ அதிகாரிகளுக்கு. எத்தனை நாள் வரை என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். பாட்டி பெயரில், சத்தியம் செய்யத் தயார் என்று ஒரு மனுவும் இருக்கிறது. இதையெல்லாம் வைத்து மார்க் நேப்பியர் என்ற வக்கீல் 1860-களில், “இவர்கள் கொல்லப்படவே இல்லை, எல்லாம் கட்டுக்கதை” என்று எழுதினார்.

1867-ல் ஆர்ச்சிபால்ட் ஸ்டூவர்ட் என்ற போதகர் பதில் எழுதினார். 1711-லேயே அந்தப் பகுதிச் சபைகள் இந்தச் சாவைப் பதிவு செய்திருக்கின்றன. அப்போது 26 வருஷம்தான் ஆகியிருந்தது. பார்த்தவர்களும் தெரிந்தவர்களும் உயிரோடு இருந்தார்கள். விக்டவுன் கல்லறைத் தோட்டத்தில் இருவருக்கும் கல்லும் இருக்கிறது. ஊர் நடுவில் நடந்த சாவை ஊரார் முன்னாலேயே பொய்யாகச் சொல்ல முடியுமா?

எனக்கு ஸ்டூவர்ட் சொல்வதுதான் சரி என்று படுகிறது. காகிதத்தில் மன்னிப்பு எழுதுவது வேறு, அது போய்ச் சேருவது வேறு. எடின்பரோவிலிருந்து விக்டவுன் நூறு மைலுக்கு மேல். நடுவில் 11 நாள்தான்.

ஆனால் எல்லாவற்றையும் நம்பிவிடக் கூடாது. கொன்ற அதிகாரிக்கு விரல் ஒட்டிய பிள்ளைகள் பிறந்தன என்றும், இன்னொருவனுக்குச் சாகும்வரை தாகம் தீரவில்லை என்றும் கதை சொல்கிறார்கள். இது கோபத்தில் ஜனங்கள் கட்டியது. நான் பார்த்த படமும் 1871-ல், அதாவது 186 வருஷம் கழித்து, மில்லே என்ற ஓவியர் வரைந்தது. வேறொரு படத்துக்கு வரைந்த பெண் உருவத்தை வெட்டி ஒட்டித்தான் இதைச் செய்தார்! ஆனால் ஒட்டிய கதை பொய் என்பதால் உள்ளே இருக்கிற சாவும் பொய்யாகிவிடாது.

இதை எங்க அப்பாயிக்கிட்ட சொன்னேன். “வாயால சத்தியம் பண்ணிட்டு, மனசுல சாமிய வச்சிருந்தா போதாதா? பெத்தவ வயிறு என்னா பாடு பட்டிருக்கும்!” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பாட்டி மார்கரெட்டும் ஒருவேளை அப்படி நினைத்துத்தான் மனு போட்டிருப்பார். அதனால் அவர் கோழை ஆகிவிடுவாரா? ஆகமாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். உயிர் மேல் ஆசை இருப்பது தப்பில்லை. ஒரு வார்த்தைக்காக உயிரைக் கேட்டவர்கள்தான் தப்பு.

நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? யோசித்து, மதிய இடைவேளையில் என்னிடம் வந்து சொல்லுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி