தேற்றாங்கொட்டை: தெளிவும் தூய்மையும்

கலித்தொகையின் 142ஆம் பாடலில், பிரிவால் கலங்கிய தலைவி தலைவனைச் சார்ந்து தெளிவுற்றமைக்கு, இல்லம் என்னும் மரத்தின் காழால் தேற்றப்பெற்ற கலங்கல் நீர் உவமையாகிறது. இவ்வில்லம் மனையன்று, தேற்றாமரம். தொல்காப்பிய எழுத்ததிகாரமும் இச்சொல்லை மரப்பெயராகக் கொண்டு புணர்ச்சி விதி கூறுகிறது.

மட்பாண்டத்தின் உட்புறத்தில் இம்மரத்தின் கொட்டையைத் தேய்த்து, நீரை ஊற்றி வைப்பது வழக்கம். நீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையன. ஒன்றையொன்று விலக்குவதால் அவை எளிதில் படிவதில்லை. கொட்டையிலிருந்து கரையும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் துகள்தோறும் ஒட்டி, அவற்றைப் பாலம்போல் இணைக்கின்றன. இணைந்தவை திரளாகி, எடை மிகுந்து அடியில் தங்குகின்றன. முருங்கை விதையின் செயல் சற்று வேறானது. அதன் புரதம் நேர்மின்னேற்றம் உடையதாதலின், துகள்களின் மின்னேற்றத்தையே தணிக்கிறது.

இப்பாடலைப் பண்டைத் தமிழரின் நீர்த்தூய்மை அறிவியலுக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அது பாடல் கூறாத ஒன்றை அதன்மேல் ஏற்றுவதாகும். உவமையில் ஆளப்படும் வினைகள் தேற்றுதலும் தெளிதலுமே; தூய்மையைச் சுட்டும் சொல் அங்கில்லை. தலைவியின் நெஞ்சும் அழுக்குற்றதன்று, கலங்கியது. இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நிற்பதன்று. கலங்கலோடு கிருமிகள் பலவும் படியும். எனினும் எஞ்சியவை, கொட்டையிலிருந்து கரைந்த கரிமப் பொருளை உணவாகக் கொண்டு மீண்டும் பெருகக்கூடும். நீரில் கரைந்துள்ள உப்பும் இம்முறையால் நீங்காது. ஆதலின் கொட்டையிட்டுத் தெளிவித்த நீரையும் வடித்துக் காய்ச்சிய பின்னரே பருகுதல் வேண்டும்.