தென்காசி: ஆளைப் பார்த்து ஓட்டா, அணியைப் பார்த்து ஓட்டா?

தென்காசி நாடாளுமன்றத் தொகுதியைப் பற்றி எங்க பக்கத்துல ரெண்டு நம்பிக்கை உண்டு. ஒன்று, இது காங்கிரஸ் கோட்டையாக இருந்தது. இரண்டு, அருணாச்சலம் நின்றால் எந்தச் சின்னத்திலும் ஜெயிப்பார். நாற்பது வயதைத் தாண்டிய யாரிடம் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ரெண்டுக்கும் ஆதாரம் இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் 1957லிருந்து 2024 வரை ஜெயித்தவர் பெயர், கட்சி, கூட்டணி என்று மூணு காலம் போட்டு ஒரு எக்செல் ஷீட்டில் வரிசையாக அடுக்கிப் பார்த்தால், முதல் ரெண்டு காலமும் ஓரமாகப் போய் மூணாவது காலம் முன்னால் வந்து நிற்கிறது.

முதலில் தொகுதி எது என்று பார்த்துவிடலாம். ஏன்னா தென்காசி மாவட்டமும் தென்காசி தொகுதியும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். தொகுதி அதைவிட அறுபது வருஷம் மூத்தது. இப்போதைய ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் தென்காசி, கடையநல்லூர், வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் நான்கும் நம் மாவட்டம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டம். நம் மாவட்டத்து ஆலங்குளமோ திருநெல்வேலி எம்.பி. தொகுதியில் இருக்கிறது. குற்றாலத்தில் சாரலில் நனைகிறவரும், ஆண்டாள் கோவில் தேரடியில் நிற்கிறவரும் ஒரே எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பீடி சுற்றுகிற கடையநல்லூர், எலுமிச்சை விற்கிற புளியங்குடி, விசைத்தறி ஓடுகிற சங்கரன்கோவில், நூல் மில் சங்கு ஊதுகிற ராஜபாளையம் எல்லாம் ஒரே பெட்டிக்குள். இவர்களுக்கெல்லாம் பொதுவான ஒரே பிரச்சினை என்று ஒன்றைச் சொல்வது கஷ்டம். இது பின்னால் தேவைப்படும்.

செங்கோட்டைக்கு மட்டும் தனி வரலாறு. அது 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் 1952லும் 1954லும் திருவனந்தபுரம் சட்டசபைக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். மாநில எல்லை மாறியதும் அந்தத் தொகுதி இல்லாமல் போயிற்று. 1957ல் முதல் முறையாகச் சென்னைக்கு ஓட்டுப் போட்டார்கள். ஒரே தாத்தா, ஒரே வீடு, அஞ்சு வருஷத்துக்குள் ரெண்டு மாநிலம்!

சரி, விஷயத்துக்கு வருவோம். 1957ல் எம். சங்கரபாண்டியன், 1962ல் எம்.பி. சுவாமி, 1967ல் ஆர்.எஸ். ஆறுமுகம். மூவரும் காங்கிரஸ். இதில் 1967தான் கவனிக்க வேண்டியது. தி.மு.க. அலையில் காங்கிரஸ் சட்டசபையில் 51 இடத்துக்குச் சுருங்கிய வருஷம் அது. நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் காங்கிரசுக்குக் கிடைத்தது மூன்றே மூன்று. அந்த மூன்றில் ஒன்று தென்காசி. ‘கோட்டை’ என்ற பட்டத்துக்கு உண்மையான ஆதாரம் இந்த ஒரு தேர்தல்தான் என்பது என் கருத்து. ஏனென்றால் அதற்குப் பிறகு காங்கிரஸ் இங்கே தனியாக நின்று ஜெயிக்கவே இல்லை.

1971ல் ஏ.எம். செல்லச்சாமி ஜெயித்தார். பட்டியலில் ‘காங்கிரஸ்’ என்றுதான் இருக்கும். ஆனால் அது இந்திரா காங்கிரஸ், தி.மு.க.வின் கூட்டாளி. தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கிளை வைத்திருந்த காங்கிரஸ்காரர்களில் பெரும்பாலோர் எதிர் முகாமில், காமராஜருடன் இருந்தார்கள். இந்திரா காங்கிரஸ் அந்த முறை ஒரு சட்டசபை சீட்கூட வாங்காமல் எம்.பி. சீட்களை மட்டும் வாங்கிக்கொண்டு ஒன்பது இடம் ஜெயித்தது. கட்சி பெயர் மாறவில்லை, உள்ளே இருந்த சரக்கு மாறிவிட்டது.

இந்த ஏற்பாடு பிறகு ஒரு வழக்கமாகவே ஆனது. மாநிலக் கட்சி சட்டசபையை எடுத்துக்கொள்ளும், காங்கிரஸ் டெல்லியை எடுத்துக்கொள்ளும். எண்பதுகளில் எழுபது சதவீத எம்.பி. சீட் காங்கிரசுக்கு, எழுபது சதவீத எம்.எல்.ஏ. சீட் அ.தி.மு.க.வுக்கு என்று கணக்கே போட்டு, அதற்கு ‘எம்.ஜி.ஆர். பார்முலா’ என்று பெயரும் வந்தது. இந்தப் பங்கீட்டில் தென்காசி ஒவ்வொரு முறையும் காங்கிரஸ் பக்கம் விழுந்தது. சிட்டிங் எம்.பி. சீட்டை யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால், ஒரு முறை விழுந்தால் திரும்பத் திரும்ப விழும்.

இப்போது எம். அருணாச்சலம். 1977, 1980, 1984, 1989, 1991, 1996 என்று ஆறு முறை தொடர்ந்து ஜெயித்தவர். மத்திய அமைச்சராகவும் இருந்தார். தமிழ்நாட்டில் ஒரே தொகுதியில் இடைவெளி இல்லாமல் ஆறு முறை என்பது சாதாரணம் இல்லை. அவர் நல்லவர், எளிமையானவர் என்று சொல்கிறவர்களை நான் மறுக்கவில்லை. ஆனால் மூணாவது காலத்தைப் பாருங்கள். 1977ல் அ.தி.மு.க. கூட்டணி. 1980ல் தி.மு.க. கூட்டணி; அந்த முறை அ.தி.மு.க.வுக்கு மாநிலம் முழுக்க ரெண்டே இடம். 1984, 1989, 1991ல் திரும்ப அ.தி.மு.க. கூட்டணி. ஆறு முறையில் ஒரு முறைகூட அவர் தோற்கிற திராவிடக் கட்சியின் பக்கம் இருந்ததில்லை.

மென்பொருள் வேலையில் ஒரு சோதனை செய்வோம்: ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் அப்படியே வைத்து, என்ன நடக்கிறது என்று பார்ப்பது. தேர்தலில் அப்படி ஒரு வாய்ப்பு அபூர்வம். தென்காசிக்கு அடுத்தடுத்து ரெண்டு முறை கிடைத்தது. 1996ல் நரசிம்மராவ் அ.தி.மு.க.வுடன் கூட்டணி வைத்தபோது மூப்பனார் பிரிந்து தமிழ் மாநிலக் காங்கிரசைத் தொடங்கினார். அருணாச்சலமும் கூடப் போனார். கை சின்னம் போய் சைக்கிள் வந்தது. ஆள் அதே, கட்சி வேறு, ஆனால் கூட்டணி ஜெயிக்கிற கூட்டணி. ஜெயித்தார். கை சின்னம் தோற்றது. ‘கோட்டை’ காங்கிரசுடையது இல்லை என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று. அப்போ கோட்டை அருணாச்சலத்துடையதா? 1998ல் அதற்கும் பதில் வந்தது. அதே ஆள், அதே சைக்கிள், அதே தி.மு.க. கூட்டணி. மாநிலக் காற்று மட்டும் திரும்பியிருந்தது, அ.தி.மு.க. அணி முப்பது இடம் ஜெயித்தது. அருணாச்சலம் அ.தி.மு.க.வின் எஸ். முருகேசனிடம் தோற்றார்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டில், ஆட்களைவிட ஆடுகள் அதிகம் இருக்கிற ஒரு தொகுதியில், சார்லஸ் கென்னடி 1983ல் இருபத்து மூன்று வயதில் ஜெயித்தார். நடுவில் அவர் கட்சியே இன்னொரு கட்சியுடன் இணைந்து பெயர் மாறியது. தொகுதியின் எல்லையும் பெயரும் இரண்டு முறை மாறின. அவர் மாறாமல் ஜெயித்துக்கொண்டே இருந்தார், 2015 வரை. அந்த வருஷம் ஸ்காட்லாந்தின் 59 இடத்தில் 56ஐ தேசியக் கட்சி அடித்துக்கொண்டு போனது. கென்னடியும் அதில் போனார். சின்ன அலையைத் தனிமனிதச் செல்வாக்கு தாங்கும். பெரிய அலை வந்தால் தாங்காது. அருணாச்சலத்துக்கும் சொந்த ஓட்டு இருந்திருக்கும், ஆனால் அலையை நிறுத்துகிற அளவு இல்லை.

1971லிருந்து எண்ணினால் பதினாலு தேர்தல். அதில் பன்னிரண்டு முறை தென்காசி மாநிலத்தில் அதிக இடம் ஜெயித்த அணியோடுதான் போயிருக்கிறது. விதிவிலக்கு ரெண்டு. 1999ல் தி.மு.க.-பா.ஜ.க. அணி மாநிலத்தில் முன்னால் வந்தும், இங்கே முருகேசன் பா.ஜ.க. வேட்பாளரை ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தாண்டினார். 2009ல் பக்கத்துத் திருநெல்வேலியும் விருதுநகரும் காங்கிரசுக்குப் போக, நடுவில் தென்காசி மட்டும் அ.தி.மு.க. அணியில் நின்ற இந்திய கம்யூனிஸ்ட் பொ. லிங்கத்துக்குப் போயிற்று. அந்தத் தேர்தலில் அந்தக் கட்சிக்கு நாடு முழுக்க நாலே எம்.பி. அதில் ஒருவர் நம்மவர்! 2004ல் அதே கட்சியின் எம். அப்பாத்துரை ஜெயித்தது தி.மு.க. அணியில். 2014ல் இடதுசாரிகள் யாருடனும் சேராமல் தனியாக நின்றபோது, சிட்டிங் எம்.பி. லிங்கத்துக்கு டெபாசிட்டே போனது. அஞ்சு வருஷத்தில் மனிதர் மாறிவிடவில்லை.

இந்த ரெண்டு விதிவிலக்கிலும் மூணாவதாக நின்றவர் ஒருவரே: புதிய தமிழகம் கட்சியின் டாக்டர் கிருஷ்ணசாமி. 2009ல் ஜெயித்தவருக்கும் ரெண்டாவது வந்தவருக்கும் வித்தியாசம் சுமார் 35 ஆயிரம்; கிருஷ்ணசாமி வாங்கியது ஒரு லட்சத்துக்கும் மேல். அவர் இங்கே 1998, 1999, 2004, 2009, 2014, 2019, 2024 என்று ஏழு முறை நின்று ஏழு முறையும் தோற்றிருக்கிறார். அருணாச்சலத்தின் ஆறு வெற்றியைவிட இந்த ஏழு தோல்விதான் தொகுதியைப் பற்றி அதிகம் சொல்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தென்காசி அறுபதுகளின் பிற்பாதியிலிருந்து தனித் தொகுதி. தமிழ்நாட்டின் ஏழு தனித் தொகுதிகள் திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், சிதம்பரம், நாகப்பட்டினம், நீலகிரி, தென்காசி. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் இது ஒன்றுதான். தென் மாவட்டத்துத் தலித் தலைவர் யாராக இருந்தாலும், தனித் தொகுதியில் நின்று டெல்லி போக இந்த ஒரே வாசல். பட்டியல் சாதி மக்கள் ஒப்பீட்டளவில் அதிகமாக இருக்கும் இடத்திலும், மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளில் பரவியும் தனித் தொகுதிகள் அமைய வேண்டும் என்பது சட்டம். உள்ளாட்சியில் இருப்பது போலச் சுழற்சி கிடையாது. 2008 மறுவரையறையில் சிவகாசி, திருச்செந்தூர் தொகுதிகளே காணாமல் போயின. தென்காசி தனித் தொகுதியாகவே தங்கியது.

ஆனால் வாசல் இருக்கிறது என்பதற்காகச் சாவி அவர்களிடம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. வேட்பாளர் மட்டும்தான் பட்டியல் சாதி, வாக்காளர் எல்லாரும். பட்டியல் சாதி ஓட்டை மட்டும் வைத்து இங்கே யாரும் ஜெயிக்க முடியாது. 1932ல் பூனா ஒப்பந்தம் போட்டபோது அம்பேத்கர் பயந்தது இதைத்தான். தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, தலித் வாக்காளர்களே முதலில் நாலு பேரைத் தேர்ந்தெடுத்து, அந்த நாலு பேரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பில் அந்த முதல் கட்டம் இல்லை. அந்த வேலையைக் கட்சித் தலைமைகள் எடுத்துக்கொண்டன.

கிருஷ்ணசாமிக்கும் இது தெரியாமல் இல்லை. அதனால்தான் 2014ல் பெரிய கட்சியோடு சேர்ந்தார். தி.மு.க.வோடு, அந்த முறை தி.மு.க.வுக்கு மாநிலம் முழுக்க பூஜ்யம். 2019ல் அ.தி.மு.க.வோடு, அந்த அணிக்குத் தேனி மட்டும். 2024ல் திரும்ப அ.தி.மு.க.; பூஜ்யம். மூணு முறையும் ரெண்டாம் இடம். ஜெயித்த அ.தி.மு.க.வின் வசந்தியும், தி.மு.க.வின் தனுஷ் குமாரும், ராணி ஸ்ரீகுமாரும் அதே பட்டியல் சாதிக்காரர்கள்தான் என்பதையும் மறக்கக் கூடாது. பெரிய கட்சிக்குள் இருக்கும் தலித் உறுப்பினர் போலி, தனிக் கட்சி நடத்துகிறவர்தான் அசல் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சீட் கொடுத்தவர் யார், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

2024 கணக்கு இன்னும் விசித்திரம். ராணி ஸ்ரீகுமார் சுமார் 4.25 லட்சம். கிருஷ்ணசாமி 2.29 லட்சம். பா.ஜ.க. அணியில் நின்ற ஜான் பாண்டியன் 2.08 லட்சம். ரெண்டு தேவேந்திரகுலத் தலைவர்கள், சொந்தக் கட்சி வைத்திருப்பவர்கள், எதிரெதிரே. கூட்டினால் 4.37 லட்சத்துக்கு மேல், ஜெயித்தவரைவிட அதிகம். இந்தக் கூட்டலை அப்படியே நம்பிவிட வேண்டாம். அதில் பெரும்பகுதி அ.தி.மு.க., பா.ஜ.க. ஓட்டு, அவை சேர்ந்து வந்திருக்குமா என்பது வேறு கதை.

சட்டசபைத் தேர்தலில் இதே மக்கள் வேறு மாதிரி. தென்காசி சட்டமன்றத் தொகுதியில் 2016ல் காங்கிரசின் பழனி நாடார் 462 ஓட்டில் தோற்றார். 2021ல் 370 ஓட்டில் ஜெயித்தார். தபால் ஓட்டை 2023ல் நீதிமன்ற உத்தரவுப்படி திரும்ப எண்ணியும் அவர் வெற்றி நின்றது. எம்.பி. தேர்தலில் லட்சக்கணக்கில் வித்தியாசம், எம்.எல்.ஏ. தேர்தலில் ரெண்டு தெரு ஓட்டு. ஆறு ஊரை ஒரே பெட்டிக்குள் போடும்போது உள்ளூர்க் கோபதாபம் ஒன்றையொன்று அடித்துவிட்டு, மிச்சம் நிற்பது கூட்டணி மட்டும்தான். 2026க்குப் பிறகு எடுக்கும் சென்சஸை வைத்து மறுவரையறை வரும்போது, இந்த ஆறு ஊரும் ஒரே பெட்டியில் இருக்குமா, இந்த ஒற்றை வாசல் இங்கேயே இருக்குமா என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.