பேசாப் படத்துப் பேய்முகங்களும் ஒப்பனைச் சிமிழ்களும்

முத்திரை சேகரிப்போரை நாம் அறிவோம். பழங்காசு, தீப்பெட்டிச் சித்திரம் முதலியவற்றைத் தேடி அலைவோரையும் அறிவோம். ஆனால், நூறாண்டுகளுக்கு முன் நடிகர்கள் முகத்திற் பூசிய வண்ணக்குழம்பை, அது உலர்ந்து வெடித்த பின்னும், தகரச் சிமிழோடு பொன்னேபோற் போற்றுவோர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உளர் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நாமும் முதலில் நகைத்தோம். பேசாப் படக்காலத்து அச்சந்தரும் படங்களைப் பற்றிச் சிறிது கற்ற பின்னரே அச்சிமிழ்களின் அருமை நமக்குப் புலனாயிற்று.

அக்காலப் படச்சுருள் நமது கண்ணைப்போலக் காணும் ஆற்றல் பெற்றதன்று. நீலத்தை அது மிகையாக உணரும். சிவப்பையோ உணரவே மாட்டாது. ஆகவே நீலவானம் திரையில் வெள்ளைத் துணியாகத் தோன்றும். சிவந்த உதடு கரிய கோடாகும். வெயிலிற் கன்றிய கன்னம் அழுக்குப் படிந்ததுபோலக் காணப்படும். இதனால் நடிகர்கள் தம் தோலின் இயல்பான நிறத்தை முற்றாக மறைத்துப் பூசிக்கொள்ள வேண்டியிருந்தது. மற்றையோர்க்கு இடையூறாயிருந்த இக்குறை, பேய்ப்படம் எடுத்தோர்க்கு வாய்ப்பாயிற்று. 1920ஆம் ஆண்டு ஜெர்மனியில் வெளியான ‘டொக்டர் கலிகாரியின் அறை’ என்னும் படத்தில், உறக்கத்தில் நடமாடும் சீசராக நடித்த கொன்ராட் வைட்டின் முகத்தைக் காண்க. சுண்ணம் பூசிய சுவர்போன்ற முகம். அதில் இரண்டு கருங்குழிகளாகக் கண்கள். அப்படத்தில் வீட்டின் நிழலையும் விளக்கின் ஒளியையுங்கூடக் காட்சிச் சீலைகளில் வண்ணத்தால் தீட்டியிருந்தனர். நடிகரின் முகமும் அச்சீலையின் ஒரு துண்டாகவே ஆகிவிட்டது.

இவ்வண்ணங்கள் எங்கிருந்து வந்தன? ஜெர்மனியில் இசைநாடகப் பாடகராயிருந்த லுட்விக் லைக்னர் என்பவர் 1873இல் பேர்லினில் ஒப்பனைப் பூச்சுத் தொழிலைத் தொடங்கினார். அதற்கு முன் மேடையிற் பயன்பட்ட வெண்பூச்சுக்களில் ஈயம் கலந்திருந்தது; அது உடலை உருக்கும் நஞ்சு. (நமது கூத்தர்கள் பூசிய அரிதாரமும் ஆசனிக்குக் கலந்த கனிப்பொருளே. கலைக்காக நஞ்சைப் பூசிக்கொள்வதில் கீழ்த்திசையும் மேற்றிசையும் ஒன்றுபட்டே நின்றன போலும்!) லைக்னர் ஈயங் கலவாத பூச்சைக் குச்சி வடிவிற் செய்து, நிறத்துக்கு ஓர் இலக்கமிட்டு விற்றார். ஆனால் மேடைக்கென அமைந்த அத்தடித்த பூச்சு, படக்கருவியின் முன் முகம் அசையும்போது வெடித்துக் கோடு காட்டிற்று. போலந்தில் பிறந்து, 1904இல் அமெரிக்காவிற் குடியேறிய மாக்ஸ் பாக்டர் என்னும் பொய்ம்மயிர்க் கைவினைஞரே இதற்கு மாற்றுக் கண்டவர். 1914இல் அவர் மெல்லிய குழம்பாகப் படத்துக்கென்றே ஒரு பூச்சைச் செய்து கொடுத்தார்.

சேகரிப்போர் எல்லோருடைய நாவிலும் வழங்கும் பெயர் இவ்விருவருடையதன்று. லொன் சேனி என்னும் நடிகருடையது. 1883இல் பிறந்த சேனியின் தாயும் தந்தையும் செவிப்புலன் அற்றவர்கள். முகத்தாலும் கையாலும் பேசும் கலையை அவர் தொட்டிலிலேயே பயின்றார் எனலாம். 1923இல் நோத்ர தாம் தேவாலயத்துக் கூனனாகவும், 1925இல் இசைநாடக மண்டபத்து மாயாவியாகவும் அவர் தோன்றினார். ஒப்பனையாளர் ஒருவரையும் நாடாது, பஞ்சும் பசையும் மெழுகும் கொண்டு தம் முகத்தைத் தாமே மாற்றிக்கொண்டார். மாயாவியின் முகமூடி கழலும் அந்த ஒரு கணத்துக்காகப் படக்கம்பனியார் அம்முகத்தை விளம்பரங்களில் வெளியிடாது மறைத்து வைத்தனராம். ‘அந்தச் சிலந்தியை மிதித்துவிடாதே, அது லொன் சேனியாக இருக்கலாம்’ என்று அக்காலத்து மக்கள் வேடிக்கை பேசினர். 1929இல் வெளியான பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்துக்குப் படவொப்பனை பற்றிக் கட்டுரை எழுதும் தகுதி அவருக்கே உரியதாயிற்று. மறு ஆண்டு, பேசும் படம் ஒன்றில் மட்டும் நடித்துவிட்டு, 47ஆம் வயதில் நுரையீரற் புற்றுநோயால் மறைந்தார்.

அவர் கையாண்ட ஒப்பனைப் பெட்டி இன்று லொஸ் ஏஞ்சல்ஸ் இயற்கை வரலாற்று நூதனசாலைக்கு உரியது. அதனை எவரும் விலைக்கு வாங்க இயலாது. ஆகவே சேகரிப்போர் அதேகாலத்துக் குச்சிகளையும் சிமிழ்களையும் தேடுகின்றனர். இவ்விடத்திலேதான் ஏமாற்றும் புகுகின்றது. ஒருமுறை ஓர் ஏலப் பட்டியலைப் புரட்டியபோது, ‘மாயாவி படத்தில் பயன்பட்டது’ என்னும் குறிப்புடன் ஒரு சிமிழின் படத்தைக் கண்டோம். அதன் மூடியில் ‘பான்குரோமாற்றிக்’ என்று அச்சிட்டிருந்தது. சகல நிறங்களையும் உணரும் புதிய படச்சுருளுக்கென மாக்ஸ் பாக்டர் அப்பூச்சைச் செய்தது 1928இல்; மாயாவி திரைக்கு வந்ததோ 1925இல்! பிறவாத பூச்சைச் சேனி எங்ஙனம் பூசினார்? விற்றவர் பொய்யரென்று நாம் கூறவில்லை. ஒருவேளை அவரும் ஏமாந்தவராகலாம். எனினும், அச்சிமிழ் எவ்வாண்டினது என்பதை அதன் மூடியே கூறிக்கொண்டிருக்க, வாங்குவோர் அதனைப் படிக்காது கதையைப் படித்து விலை கொடுக்கின்றனர். மற்றொன்றும் கூறவேண்டும்: பழைய பூச்சு எதனையும் வேடிக்கைக்காகவேனும் முகத்தில் தடவுதல் ஆகாது.

சிமிழுக்கு இத்துணை மதிப்பு ஏன் என்று கேட்கலாம். படங்கள் அழிந்தமையே காரணம். 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் எடுக்கப்பட்ட 10,919 பேசாப் படங்களுள் 14 வீதமே தம் மூல வடிவில் எஞ்சியுள்ளன என்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. எளிதில் தீப்பற்றும் படச்சுருள். பேசும் படம் வந்தபின் அவற்றைப் பேண எவருக்கும் மனமில்லை. சேனி கூரிய பற்களோடும் உயர்ந்த தொப்பியோடும் தோன்றிய ‘நள்ளிரவுக்குப் பின் இலண்டன்’ என்னும் 1927ஆம் ஆண்டுப் படம் இன்று இல்லை. ஒளிப்படங்கள் சில உள. அதன் விளம்பரச் சுவரொட்டி ஒன்று 2014இல் 4,78,000 டொலருக்கு ஏலம் போயிற்று. படம் கிடையாது, அதன் அறிவிப்புக்கு அவ்வளவு விலை!

அத்தனை பொருள் நம்மிடம் ஏது? ஆயினும் முத்திரை சேகரிக்கும் மாணவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. 1997இல் அமெரிக்க அஞ்சற்றிணைக்களம் வெளியிட்ட 32 சத முத்திரைத் தாளொன்றில் சேனியின் மாயாவி முகம் இருக்கின்றது. அதே தாளில், ஓநாய் மனிதனாக நடித்த அவருடைய மகனும் இருக்கின்றார்.