அலெக்சாந்தரும் நம் காலத்துக் கேள்வியும்

மாசிடோனிய மன்னன் அலெக்சாந்தர் பாபிலோனில் இறந்தது கி.மு. 323-இல். இன்றும் அவனை உறங்க விடுவாரில்லை. 2004-இல் ஆலிவர் ஸ்டோனின் திரைப்படம், தோழன் எபெஸ்தியோன்மீது அவன் கொண்ட காதலைக் காட்டியது. கிரேக்க வழக்கறிஞர் சிலர் வழக்குத் தொடுப்போம் என்று முழங்கினர். 2024-இல் நெட்பிளிக்ஸ் தொடர் வந்ததும் அதே பூசல் கிரேக்க நாடாளுமன்றம் வரை சென்றது. அவன் தன்பாலீர்ப்பினனா, அல்லனா என்பதே கேள்வி.

கேள்வி எளிது, சான்றுகள் அப்படியல்ல. அவனோடு சென்ற தாலமியும் அரிஸ்டோபுலசும் எழுதிய நூல்கள் அழிந்துபோயின. அவற்றைக் கொண்டு எழுதிய அர்ரியன் கி.பி. இரண்டாம் நூற்றாண்டினர். அவரும் புளூட்டார்க்கும் எபெஸ்தியோனை நண்பன் என்றே குறிக்கின்றனர். ஆனால் எத்தகைய நண்பன்! கி.மு. 333-இல் இஸ்ஸஸ் போரில் தோற்ற டேரியசின் தாய், உயரமாய் நின்ற எபெஸ்தியோனையே மன்னன் என்றெண்ணி வணங்கிவிட்டாள், தவறுணர்ந்து நடுங்கினாள். அலெக்சாந்தர் சினக்கவில்லை, அவனும் அலெக்சாந்தரே என்றான். கி.மு. 324-இல் அந்த நண்பன் எக்பட்டானாவில் காய்ச்சலால் மாண்டபோது, மூன்றாம் நாள்வரை மன்னன் உணவு தொடவில்லையாம். ஈமச் சிதைக்குப் பதினாயிரம் தாலந்து ஒதுக்கினான் என்பர்.

இதை வெறும் நட்பென்று துடைத்தெறிய முயல்வோரைக் கண்டால் எனக்கு வியப்பே. அவன் ரொக்சானாவை மணந்தான், மகனையும் பெற்றான். பகோவாஸ் என்னும் பாரசீக இளைஞனிடமும் அன்பு வைத்தான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். இவற்றுள் ஒன்றை வைத்து மற்றொன்றை மறுப்பது நம் காலத்துப் பழக்கம். மனிதரை இவ்வாறு இருவகையாகப் பிரிக்கும் சொற்கள் ஐரோப்பாவில் பிறந்ததே 19-ஆம் நூற்றாண்டில்தான். அன்றைய கிரேக்கர் பெரிதும் நோக்கியது வயதையும் தகுதியையுமே. ஆகவே, இன்றைய பெயரை அவனுக்குச் சூட்டுவோரும் அவசரப்படுகின்றனர். அப்பெயரை இழிவென்று கொதிப்போரோ, அவன் காலத்தையே அறியாதவர்.

சூசா நகரில் நடந்த திருமணங்களைப் பாருங்கள். கி.மு. 324-இல் டேரியசின் மூத்த மகளை அலெக்சாந்தர் மணந்தான். அவள் தங்கையை எபெஸ்தியோனுக்குக் கொடுத்தான். தங்கள் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உறவாக வேண்டுமென்பது அவன் ஆசை என்கிறார் அர்ரியன். நம் வழக்கில் சொன்னால், அக்காள் தங்கை மக்கள், உடன்பிறந்தார் முறை. அந்தப் பிள்ளைகள் பிறக்கவில்லை. எபெஸ்தியோன் அவ்வாண்டே இறந்தான். அலெக்சாந்தர் மறு ஆண்டு.