வெளிநாட்டில் சம்மர் ரிசர்ச்: யார் யாருக்குப் பணம் கொடுக்க வேண்டும்?

"வாழ்த்துகள்! ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் நான்கு வார ரிசர்ச் இன்டர்ன்ஷிப்புக்கு நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள். மூன்று நாட்களுக்குள் முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்யவும்."

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு இப்படி ஒரு மெயில் வந்தால் வீட்டில் என்ன நடக்கும்? அம்மாவின் வளையலை அடகு வைக்கலாமா, வேண்டாமா என்பதுதான் அன்று ராத்திரி பேச்சாக இருக்கும். அந்தப் பேச்சைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இதில் யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள்?

உண்மையான வாய்ப்பு எப்படி இருக்கும்?

இந்திய மாணவர்கள் விண்ணப்பிக்கக்கூடிய, பெயர் பெற்ற திட்டங்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

* கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க்: 12 வார ஆய்வு. பட்டியலில் இருக்கும் ஆய்வுத் திட்டங்களில் பிடித்ததை மாணவரே தேர்வு செய்யலாம்.
* ஜெர்மனியின் டிஏஏடி அமைப்பு நடத்தும் வைஸ்: அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கானது. ஜெர்மன் பேராசிரியர் ஒருவரிடம் அழைப்புக் கடிதம் வாங்குவது மாணவரின் பொறுப்பு.
* ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தின் கோடைக்கால மாணவர் திட்டம்: இயற்பியல், கணினி, பொறியியல் மாணவர்களுக்கு.

மூன்றிலும் பொதுவான விஷயம், தேர்வாகும் மாணவருக்குத்தான் உதவித்தொகை வருகிறது. 'சீட்'டுக்கு அவர்கள் கட்டணம் கேட்பதில்லை.

காசு கட்டிப் போகும் 'சம்மர் ஸ்கூல்' எல்லாமே மோசடி என்று அர்த்தமில்லை. நல்ல பல்கலைக்கழகங்களே அவற்றை நடத்துகின்றன. ஆனால் அது ஒரு கோர்ஸ். வகுப்பில் உட்கார்ந்து படித்துவிட்டு, சான்றிதழோடு திரும்புவீர்கள். அதை 'ரிசர்ச்' என்று சொல்லி விற்றால்தான் உஷாராக வேண்டும். எந்தப் பேராசிரியர், எந்த ஆய்வகம், என்ன வேலை என்று கேளுங்கள். பிறகு அந்தப் பேராசிரியருக்கே, பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும் முகவரிக்கு, மெயில் போட்டு உறுதி செய்யுங்கள். "அதெல்லாம் பணம் கட்டிய பிறகு சொல்வோம்" என்று பதில் வந்தால், அத்தோடு விட்டுவிடுங்கள்.

மே மாதப் பயணம் செப்டம்பரிலேயே தொடங்குகிறது

பலர் கோட்டை விடும் இடம் இதுதான். செமஸ்டர் முடியும்போது தேட ஆரம்பித்தால் எல்லாக் கதவும் மூடியிருக்கும். குளோபலிங்க் விண்ணப்பம் வழக்கமாக முந்தைய ஆண்டு செப்டம்பரிலும், வைஸ் நவம்பர் வாக்கிலும், செர்ன் ஜனவரி இறுதியிலும் முடிந்துவிடும். சரியான தேதியை அந்தந்த ஆண்டின் அதிகாரபூர்வ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலண்டர் மோதலையும் மறக்க வேண்டாம். நம் ஊர் செமஸ்டர் தேர்வு சில சமயம் ஜூன் வரை இழுக்கும். ஜெர்மனியிலோ ஏப்ரலில் தொடங்கும் கோடை செமஸ்டர் வகுப்புகள் ஜூலையோடு முடிந்துவிடும். ஆகஸ்டில் பேராசிரியர்கள் பலர் விடுமுறையில் இருப்பார்கள். தேதி கேட்கும்போது இரண்டு பக்கத்தையும் பார்த்துச் சொல்லுங்கள்.

பேராசிரியருக்கு என்ன எழுதுவது?

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது" என்று ஒரே மெயிலை 200 பேருக்கு அனுப்பினால் அது நேராகக் குப்பைக்குத்தான் போகும். பத்துப் பேருக்கு அனுப்பினாலும் பார்த்து அனுப்புங்கள். அவர்களின் சமீபத்திய ஆய்வுக் கட்டுரைகள் இரண்டையாவது படித்துவிட்டு, அரைப் பக்கத்தில் நான்கு விஷயம் எழுதினால் போதும்:

* அந்தக் கட்டுரையில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி
* அது தொடர்பாக நீங்கள் ஏற்கெனவே செய்த ஒரு வேலை
* எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும்
* செலவுக்கு எந்த உதவித்தொகையை நம்பியிருக்கிறீர்கள்

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையா? அடுத்தவருக்கு எழுதுங்கள். பதில் வராததை உங்கள் திறமை மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பரிந்துரைக் கடிதத்திலும் ஒரு தவறு நடக்கிறது. உங்கள் முகமே தெரியாத துறைத் தலைவரிடம் வாங்குவதைவிட, உங்களை லேபில் பார்த்த உதவிப் பேராசிரியர் எழுதும் கடிதத்துக்கு எடை அதிகம். அதற்கு இரண்டாம் ஆண்டிலேயே அவரிடம் சின்னதாக ஒரு புராஜெக்ட் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

விசா: நாளை எண்ணுங்கள்

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் தங்க முடியும். 12 வார ஆய்வு என்றால் 84 நாள். அதற்குப் பிறகு ஊர் சுற்ற மிஞ்சுவது ஆறே நாள்தான். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் அவசியம்.

உதவித்தொகையா, சம்பளமா என்பதைப் பொறுத்து விசா வகையே மாறலாம். எனவே அழைப்புக் கடிதத்தில் அது தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தன்னார்வப் பணிக்குப் போகிறீர்களா?

'வாலன்டியரிங்தானே, டூரிஸ்ட் விசா போதும்' என்று ஏஜென்ட் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பிரிட்டனுக்குப் பார்வையாளராகப் போகிறவர் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் அதிகபட்சம் 30 நாள்தான் தன்னார்வப் பணி செய்யலாம். அதுவும் பயணத்தின் முக்கிய நோக்கமாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு.

இங்கே இன்னொரு கேள்வியும் உண்டு. நீங்கள் போவதால் உண்மையில் யாருக்கு லாபம்? வெளிநாட்டு அனாதை இல்லத்தில் மூன்று வாரம் குழந்தைகளோடு விளையாடலாம் என்று விளம்பரங்கள் வருகின்றன. அன்பாகப் பழகியவர் மாதாமாதம் மறைந்துபோவது அந்தக் குழந்தைகளைத்தான் பாதிக்கிறது. தன்னார்வலர் தரும் பணத்துக்காகவே, பெற்றோர் இருக்கும் குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதும் நேபாளம், கம்போடியா போன்ற நாடுகளில் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. 'இதே வேலையைச் சென்னையில் செய்ய என்னை அனுமதிப்பார்களா?' என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், அங்கேயும் செய்ய வேண்டாம்.

கிடைக்காவிட்டால்?

இந்திய அறிவியல் அகாடமிகள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டமும், சென்னை ஐஐடியின் கோடைக்கால ஃபெலோஷிப்பும் இருக்கின்றன. விசா தேவையில்லை, ஆய்வகம் நிஜம், உதவித்தொகையும் உண்டு. அடுத்த ஆண்டு வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, 'ஏற்கெனவே செய்த வேலை' என்ற வரியில் எழுத இது கைகொடுக்கும்.

போலி என்று தெரியாமல் ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.